வானத்தில் திருப்பிச் சொல்வார்கள்

மேடம், எங்கள் வீட்டு மாடியில் நிற்கும் இருபது அடிக் குழாய் இடிதாங்கி இல்லை. எலவனாசூர்கோட்டையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர், அது செல்போன் கம்பெனிக்கு நான் வாடகைக்கு விட்டது, அதனால்தான் தெருவில் குருவி இல்லை என்கிறார்கள். நான் யாரையும் திருத்தப் போனதில்லை. அது ஆன்டெனா. தலைக்கு மேலே போகிற விமானங்களில் பேசுவதைக் கேட்பதற்காக நானே செம்புக் கம்பியில் செய்து ஏற்றினேன். அந்த மாதிரிக் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது தப்பு என்று நேற்று உங்கள் ஏட்டு சொன்னார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

போலீசாரிடம் எழுதிக் கொடுத்தது கோர்ட்டில் நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டுப் போனார். நிற்காவிட்டால் போகிறது. ஒரு விஷயத்தை அரைகுறையாக விட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. நீங்கள் பேப்பரும் பேனாவும் கொடுத்தீர்கள், ஃபேனையும் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். அதற்கு மரியாதையாக முழுவதும் எழுதுகிறேன்.

என் பெயர் இளஞ்செழியன், வயது நாற்பத்தேழு. உளுந்தூர்பேட்டை போகிற ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் என்னிடம்தான் வரும். காயில் கட்டுகிற வேலைக்குப் பொறுமை வேண்டும். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடாகிவிடும். என்னைப் பொறுமைசாலி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பேச்சைப் பிடிக்கிற ரேடியோ, ஸ்கேனர் என்பார்கள், பதிமூன்று வருடத்துக்கு முன்னால் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா மகன், வெல்டிங் கண்ணாடியோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை அளவு கருவிதான். சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் போகிறவை, எங்கிருந்தோ எங்கேயோ போகிறவை, எல்லாம் எங்கள் ஊருக்கு மேலேதான் போகின்றன. மேலே இருந்து பேசுகிற விமானியின் குரல் நூறு மைல் தாண்டியும் தெளிவாக விழும். ஆனால் கீழே விமான நிலையத்திலிருந்து பேசுகிறவரின் குரல் எங்கள் ஊருக்கு வராது. பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆக, எனக்குக் கிடைத்தது எப்போதும் பேச்சில் ஒரு பாதிதான்.

அந்தப் பாதியே போதும். ஏனென்றால் வானத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. கீழே இருப்பவர் என்ன உத்தரவு கொடுத்தாலும் மேலே இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பதாயிரம் அடிக்கு இறங்கு என்றால், ஒன்பதாயிரம் அடிக்கு இறங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கீழே இருப்பவர் மறுபடி சொல்வார். அதனால்தான் அத்தனை விமானங்களும் ஒன்றோடொன்று மோதாமல் போகின்றன. விமானி திருப்பிச் சொல்வதைக் கேட்டாலே கீழே என்ன சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். நான் நோட்டில் விமானி சொல்வதை நீல மையிலும், கீழே சொல்லியிருக்கக்கூடியதைச் சிவப்பு மையிலும் எழுதுவேன். நீங்கள் எடுத்துப் போன பதினோரு நோட்டுகளும் அவைதான்.

எவ்வளவு நல்ல சட்டம் என்று நினைத்துப் பாருங்கள். அதை வீட்டிலும் கொண்டுவந்தேன். என் மனைவி ஜெயசுதா களமருதூர்க்காரி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு காரியம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவாள். ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, இனிமேல் நான் எது சொன்னாலும் நீ அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றேன்.

"இன்னாங்க, நான் இன்னா ஏரோப்ளேனா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "மத்தியானம் சோறு ஒண்ணரைக்கு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை நான் வாயால் சொல்லவில்லை. அவளுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாததை ஆஸ்பத்திரியில் குறித்திருப்பார்களே, அது அன்றைக்குப் போனது. பிறகு "ஒண்ணரைக்கு" என்று சொன்னாள். தெளிவாகவே சொன்னாள்.

ஒரு வருடத்துக்குள் நன்றாகப் பழகிக்கொண்டாள். கொடியில் இருக்கிற துணியை எடு என்றால் துணியை எடுக்கிறேன் என்பாள். சாயங்காலம் கதவைச் சாத்து என்றால் கதவைச் சாத்துகிறேன் என்பாள். வீட்டுக்கு வந்த அவள் அக்கா கமலா இதைப் பார்த்துவிட்டு ஒருமாதிரியாகப் போனாள். பிறகு வரவே இல்லை. வராதது நல்லதுதான் என்று எனக்குப் பட்டது, வீடு அமைதியாக இருந்தது.

மாடியில் குழாயை ஏற்றிய அன்று அவள் நான்கு மாதம். நான் மூலைக்கு மூலை கம்பி இழுத்துக் கட்டுகிற வரைக்கும் குழாயை ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பு வலிக்கிறது என்றாள். நிறுத்திப் பிடி என்றேன். நிறுத்திப் பிடிக்கிறேன் என்றாள். சொன்னபடி பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். குழாய் சாய்ந்தபோதும் விடாததால் அதோடு சேர்ந்து கைப்பிடிச் சுவரில் விழுந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லாததன் காரணம் அதுதான், வேறு குறை ஒன்றும் இல்லை. குழாயை மறுநாள் நானே தனியாக நிமிர்த்தினேன்.

இடது மணிக்கட்டு வேறு ஒரு நாள். அன்றைக்கு அவள் திருப்பிச் சொன்னதில் நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள். கடையில் காயிலைத் தட்டி உட்கார வைக்கிற மரச் சுத்தியல் ஒன்று வீட்டில் கிடந்தது. அவள் கையைத் துணி துவைக்கிற கல் மேல் வைக்கச் சொன்னேன், வைக்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன்தான் சின்னராசு. என்னிடம் எட்டு வருடம் காயில் கட்டிய ஆள், எனக்கு ஆறு வயது இளையவன். சம்சாரம், இரண்டு பெண் குழந்தைகள். மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்து விட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே, "அண்ணே, உங்க கால்ல வேணா வுழறேன், அக்காவ இப்டி அடிக்காதீங்கண்ணே" என்றான். பிறகு அவன் கடைக்கு வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தான். போன தை மாதம் விலகிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் தனியாகக் கடை போட்டான்.

கல்வராயன் மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழேயிருந்து பேசுகிற அந்த மறுபாதியை ஒருமுறையாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. உயரமான இடத்துக்குப் போனால் திருச்சி விமான நிலையத்தின் தரைக் குரலும் விழும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் காணும் பொங்கலன்று ஜெயசுதாவை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வெள்ளிமலை தாண்டிப் போனேன். ஒரு பாறை மேல் நின்று ஸ்கேனரைத் தூக்கிப் பிடித்தேன். விழுந்தது, மேடம். பதினோரு வருடமாகக் கேட்காத குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கீழே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். இறங்கப் போகிற விமானத்தில் யாரோ ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். டாக்டர் ஏணிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, அவர் மகனுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது, நீங்கள் பதறாமல் வாருங்கள் என்று அந்தப் பெண் நீளமாகச் சொன்னார். விமானி ஒரே வார்த்தையில் சரி என்றார். அவ்வளவுதான். எங்கள் மாடியில் நின்றிருந்தால் அந்தச் சரி மட்டும்தான் எனக்கு விழுந்திருக்கும். உயரம், திசை, ஓடுபாதை எண், இவற்றைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறுதல் சொன்னால் திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

ஜெயசுதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் புரியும். "கீழ இருக்கறவங்க இவ்ளோ பேசுறாங்களா? நம்ம வூட்டுல இதெல்லாம் கேக்கவே இல்லையேங்க" என்றாள். அவள் தானாக எதையாவது சொல்லி நான் கேட்டது ரொம்ப வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். நான் ஸ்கேனரை அணைத்துவிட்டேன். அந்தத் தரைக் குரல்காரர் தேவைக்கு மேல் பேசுகிறவர் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மற்றபடி பத்தில் ஒன்பது நான் சிவப்பு மையில் எழுதுவது போலத்தான் இருந்தது. பத்து நிமிடம்தான் கேட்டேன், ஆனால் எனக்கு அது போதும்.

இனி இந்த மாதம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் மாடிக்குப் போய் மூன்று மணி வரை கேட்பது வழக்கம். மூன்றாம் தேதியன்று மேலே விமானம் ஒன்றும் இல்லாத நேரத்தில், கீழே பின்கட்டில் ஜெயசுதா போனில் பேசுவது காதில் விழுந்தது. அவளிடம் பட்டன் போன் ஒன்று உண்டு, நான் கூப்பிட்டால் எடுப்பதற்கு. அவள் பாதிதான் கேட்டது. பெரும்பாலும் "ம்" தான். ஒரு "ம்" முடிந்து அடுத்த "ம்" வருவதற்கு நீண்ட நேரம் ஆனது. அந்தப் பக்கம் யாரோ நிறையப் பேசுகிறார்கள். ஐந்தாம் தேதியும் அப்படியே. ஒன்பதாம் தேதி விஷயம் வந்தது. அதை நான் வார்த்தை மாறாமல் நீல மையில் எழுதியிருக்கிறேன்.

"பன்னண்டாம் தேதி. காலைல பத்து மணி பஸ்ஸு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல எறங்கி அங்கயே நிக்கிறேன். பச்சப் பொடவ. அவருக்குத் தெரியாது."

திருப்பிச் சொல்கிறாள், மேடம். கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒருவன் உத்தரவு கொடுக்கிறான், இவள் திருப்பிச் சொல்கிறாள். கள்ளக்குறிச்சியில் இவளுக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். புடவை நிறத்தைக் கேட்பவன் ஆணாகத்தான் இருப்பான். அந்த "ம்" எல்லாம் கொஞ்சலுக்குப் பதில். பத்து நிமிடத்தில் சிவப்பு மையில் சின்னராசு சொன்னதை முழுவதும் எழுதி முடித்துவிட்டேன். என்ன இருந்தாலும் மனிதன்தானே நானும். நான் கற்றுக்கொடுத்ததை இன்னொருவனுக்குச் செய்கிறாளே என்று அழுகை வந்தது.

மூன்று நாள் அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கை நீட்டவும் இல்லை. பன்னிரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு, கடைக்குப் போகிறேன் என்றேன். கடைக்குப் போகிறீர்கள் என்றாள். வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு விட்டேன்.

சின்னராசு அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, ஒரு பெரிய மோட்டாரைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பழைய காயிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னாண்ணே, காலங்காத்தால இவ்ளோ தூரம்? உக்காருங்க, டீ சொல்றேன்."

நான், "பன்னண்டாம் தேதி, பத்து மணி பஸ், பச்சைப் புடவை" என்றேன்.

அவன் திருப்பிச் சொல்லவில்லை. "இன்னா சொல்றீங்க, புரிலண்ணே" என்றான். மறுபடி சொன்னேன். "அக்காவுக்கு எதுனா ஆயிடுச்சா?" என்றான். என் மனதில் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு போனது. பெஞ்சின் மேல் மோட்டாரிலிருந்து கழற்றிய ஷாஃப்ட் ஒன்று இருந்தது, ஒரு முழ நீளம், நல்ல எடை. அவன் டீக்கடைக்குச் சொல்வதற்காகத் தெருப்பக்கம் திரும்பியபோது பின்மண்டையில் அடித்தேன். முட்டி போட்டு உட்கார்ந்தான். கை காற்றில் துழாவி, கழற்றிப் போட்ட காயிலைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது அடியில் "அண்ணே" என்றான். எட்டு வருடம் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டான். மூன்றாவது அடியை நெற்றியில் அடித்தேன், எலும்பு உள்ளே போனது கையில் தெரிந்தது. நான்காவது தேவையில்லை, இருந்தாலும் அடித்தேன். தரையில் வார்னிஷ் கொட்டி ரத்தத்தோடு கலந்து வழுக்கியது. அங்கே இருந்த தின்னரில் கையைக் கழுவிக்கொண்டு, வார்னிஷ் காய வைக்கிற அடுப்பை அணைத்துவிட்டு, ஷட்டரை இறக்கினேன். ஷாஃப்டை வண்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு வீட்டில் இருந்தேன். ஜெயசுதா பச்சைப் புடவையில், கட்டைப் பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடு வீட்டில் நின்றாள். என் சட்டையைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, "சின்னராசு இனிமே பேச மாட்டான்" என்றேன். நான் காத்திருந்தேன். பிறகு, "சின்னராசு இனிமே பேச மாட்டான்" என்றாள்.

அப்போதுதான் பைக்குள் போன் அடித்தது.

நானே எடுத்துப் பார்த்தேன். அவள் தூங்கும்போது நான் போனில் பார்த்து வைத்திருந்த எண், மூன்றாம் தேதி, ஐந்தாம் தேதி, ஒன்பதாம் தேதி வந்த அதே எண். ரகசியமாகப் பேச சின்னராசு வாங்கிய புது எண் என்று நினைத்திருந்தேன். சின்னராசு அங்கே ஷட்டருக்குப் பின்னால் கிடக்கிறான், அவன் எண் எப்படி அடிக்கும் என்று ஒரு நிமிடம் குழம்பிப்போனேன். காதில் வைத்தேன். ஒரு பெண் குரல்.

"ஜெயசுதா, நான் தேவதர்ஷினி பேசறேன். கெளம்பிட்டீங்களா? பயப்படாதீங்க, பஸ் ஸ்டாண்டுல நானே நிக்கிறேன். பச்சைப் புடவையப் பாத்ததும் வந்துடுவேன். உங்க அக்காவும் என் கூடத்தான் இருக்காங்க. இனிமே உங்கள யாரும் தொட முடியாதும்மா."

அதுதான், மேடம், அவள் போன் பேச்சில் நான் கேட்ட முதல் மறுபாதி. நீங்கள்.

போனை அவள் காதில் வைத்து, வரவில்லை என்று சொல் என்றேன். "வரலைங்க மேடம்" என்றாள். நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று சொல் என்றேன். "நல்லாத்தான் பாத்துக்கிறாரு" என்றாள். பிறகு அணைத்துவிட்டேன். அன்றைக்கு உங்களுக்கும் ஒரு பாதிதான் விழுந்தது. நான் பக்கத்தில் நின்று சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நேற்று நீங்கள் உங்கள் பக்கத்தைச் சொன்னீர்கள். அவளைத் திருப்பிச் சொல்லும்படி நீங்கள் ஒருபோதும் கேட்கவில்லை, நீங்கள் எதைச் சொன்னாலும் அவளாகவே மூச்சு விடாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று பயந்து கேட்பாள் என்றீர்கள். நான் பழக்கியது அது. அவள் திருப்பிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. சின்னராசுவின் விஷயத்தில் நான் எழுதியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அவன் குழந்தைகளை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பக்கத்தை அடித்துவிடுவேன்.

ஜெயசுதாவை நான்தான் கொன்றேன். அதே ஷாஃப்ட். உங்கள் ஜீப் வர இன்னும் அரை மணியாவது ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் அவசரப்படவில்லை. பையைக் கீழே வை என்றேன். பையைக் கீழே வைக்கிறேன் என்றாள். சுவரைப் பார்த்து உட்கார் என்றேன். சுவரைப் பார்த்து உட்காருகிறேன் என்றாள். சத்தம் போடக் கூடாது என்றேன். சத்தம் போடக் கூடாது என்றாள், போடவும் இல்லை. ஆறு அடி. பிறகு மாடிக்குப் போய், பத்து மணிக்கு மதுரைக்குப் போகிற விமானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து ஏறிப் பார்த்தபோது என் காதில் அதுதான் இருந்தது.

அவள் இத்தனை வருடம் என்ன வேதனைப்பட்டாளோ என்று நேற்றுக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். எனக்குத் தெரிந்து அவளுக்கு என் மேல் ஒரு குறையும் இல்லை, மேடம். இருந்திருந்தால் பதிமூன்று வருடத்தில் ஒரு நாளாவது என் காதில் விழுந்திருக்கும்.